ஐஸ்காரியின் தொட்டித் தண்ணீர்

என் அண்ணியை ஐஸ்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். காலமெல்லாம் மீன் கடையில் நின்றவள். எது கையில் கிடைத்தாலும் ஐஸில் புதைத்தால்தான் அவளுக்கு நிம்மதி. அண்ணன் தன் மூக்குக்கண்ணாடியையே ஒருமுறை ஐஸ் பெட்டிக்குள்ளிருந்துதான் எடுத்தான்.

இப்போது வீட்டுக்குப் பின்னால் இரண்டு தொட்டியில் மீன் வளர்க்கிறாள். வெயில் ஏறினால் சின்னத் தொட்டி மீன்கள் வயிற்றில் சிவப்புப் புண்ணோடு செத்து மிதக்கும். குளிர்ந்தால் அதில் மிஞ்சியவை ஒன்றுமே நடக்காததுபோல நீந்தும். அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. பெரிய தொட்டியில் நோய் இல்லை. அதுவும் போனால் மறுபடி அடுத்தவர் கடையில் மீன் அறுக்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே அழுவாள்.

எங்கள் ஆய்வகத்தில் ஆப்டமர் வைத்துக் கிருமியைத் தேடுகிறோம். ஆப்டமர் என்பது நாங்களே உண்டாக்கும் குட்டி டி.என்.ஏ. இழை. தனக்குரிய கிருமியைக் கண்டால் ஒட்டிக்கொண்டு ஒளிரும்; வேறு எதையும் சீண்டாது. அண்ணி சின்னத் தொட்டித் தண்ணீரை ஐஸில் புதைத்துக் கொண்டுவந்தாள். பொறுப்பைப் பார் என்று எல்லோரும் மெச்சினோம். இழை ஒட்டவில்லை. மறுபடி கொண்டுவந்தாள். மறுபடியும் இல்லை.

"கிருமி இல்ல அண்ணி."

"அப்ப மிதக்குறதெல்லாம் நடிக்குதா?"

எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. சோதனை சொன்னதைத்தானே நான் சொல்ல முடியும்?

நேற்று மறுபடி வந்தாள். "திட்டாத. ஐஸ் கெடைக்கல. வெயில்லயே தூக்கிட்டு வந்தேன், கெட்டுப்போயிருக்கும்."

இழை ஒட்டி ஒரே வெளிச்சம். பாட்டில் மாறிவிட்டது என்று என்னைத்தான் முதலில் திட்டினார் எங்கள் ஆய்வகப் பெரியவர். பிறகு அதே தண்ணீரில் பாதியை ஐஸிலும் பாதியைச் சூட்டிலும் வைத்தோம். காலையில் பார்த்தால் ஐஸில் இருந்தது இருட்டு, சூட்டில் இருந்தது வெளிச்சம்.

"சூட்டுலதான் இந்தக் கிருமி மேலுறை போடுது. அந்த உறையோடதான் மீனக் கொல்லுது. நம்ம இழை பிடிக்கிறதும் அந்த உறையத்தான்" என்றார் பெரியவர்.

ஊரே குளிருக்குப் போர்த்திக்கொள்ளும், இது வெயிலுக்குப் போர்த்திக்கொள்கிறது! குழப்பம் தீர்ந்த சந்தோஷத்தில் அண்ணி வீட்டுக்கு ஓடினேன்.

"நீங்க சொன்னதுதான் சரி அண்ணி. சின்னத் தொட்டிய உடனே காலி பண்ணிடுங்க, பெருசு தப்பிச்சுக்கும்."

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"சின்னத் தொட்டி காஞ்சுல்ல கெடக்கு. கிருமி இல்லன்னு நீ சொன்னதும் மிச்ச மீனப் பெருசுல விட்டுட்டேன். நேத்துக் குடுத்தது பெருசுத் தண்ணிதான்."