ஆசிட் ஜாடியில் அத்தானின் வைன்

ருசி பார்க்கும் வேலையில் நாக்குக்கு உழைப்பு குறைவு, முகத்துக்குத்தான் அதிகம். வேண்டியவர்கள் சமைத்ததையோ எழுதியதையோ பாடியதையோ, "எப்படி?" என்ற கேள்விக்கு எதிரில் உட்கார்ந்து விழுங்கிய அனுபவம் உங்களுக்கு இருந்தால், நீங்களும் என் கூட்டம்தான். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், எனக்கும் இடம் வேண்டும்.

முதல் ஜாடி

பினாங்குக்கு வடக்கே, குருண் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில், என் அக்காவின் கணவர் ஆஸ்பத்திரி டிரெசர். காய்ச்சல் பார்ப்பது, புண்ணுக்குக் கட்டுவது, மருந்து கலக்குவது எல்லாம் அவரே. நான் யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் பத்து வருஷம் இருந்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் திரும்பி வந்து, தோட்ட ஆபீஸில் இரண்டாம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். தங்கியது அவர்கள் வீட்டில். சாப்பிட்டதும் அங்கேதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் நேர்மையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது உதவும்.

முந்தின வருஷம் தொழிலாளர் லயங்களில் விஷக்காய்ச்சல் வந்து, அத்தான் தன் கையாலேயே பலபேருக்குக் கண்ணை மூடிவிட்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் பேச்சே குறைந்துபோனதாம். ஒருநாள் ரப்பர் ஷீட் போடும் ஸ்டோரில் கிடந்த காலி ஜாடி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கழுவி, அன்னாசிப் பழத்தைப் பிழிந்து ஊற்றி, வாயில் பேண்டேஜ் துணியைக் கட்டி வைத்தார். மூன்றாம் நாள் அது நுரைத்துப் பொங்கியது. ஜாடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உயிரோடை இருக்குது" என்று சிரித்தாராம். பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு என்று அக்கா சொன்னாள். அதனால்தான் வீட்டில் ஒன்றரை டஜன் ஜாடி சேர்ந்தது.

சிக்கல் என்னவென்றால், அவை எல்லாம் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் வந்த ஜாடிகள். பிரம்புக் கூடைக்குள் வயிறு பெருத்து உட்கார்ந்திருக்கும் அதே கண்ணாடி. எது வைன், எது ஆசிட் என்பதற்கு அத்தான் சாக்குக்கட்டியில் எழுதிய எழுத்துத்தான் அடையாளம். எங்கள் தோட்டத்து ஈரத்தில் அது இரண்டு நாள் தாங்காது. மருந்து அளக்கும் அவுன்ஸ் கிளாஸில் முதல் வைனை அவர் நீட்டியபோது, நான் விரலை முக்கி, விரல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தேன். பின்னாலிருந்து அக்கா மெதுவாகச் சொன்னாள்: "முகத்தைச் சுளிக்காதை தம்பி, அவர் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

மருந்து ராசி

அடுத்த வெளியீடு ரம்புத்தான் பழ வைன். அத்தானுக்கு ஒவ்வொரு ஜாடி திறப்பதும் ஒரு வெளியீடுதான். சலவைச் சட்டை போட்டுக்கொள்வார். நான் தமிழும் இங்கிலீசும் படித்தவன். அந்த ருசிக்கு இரண்டிலும் சொல் கிடைக்கவில்லை. "புதுமாதிரி" என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, பாடாங் செராயில் மளிகைக் கடை வைத்திருக்கும் முத்தையாவிடம் ஒரு பாட்டில் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார்.

பஸ்ஸில் போகிற வழியெல்லாம் பாட்டில் மடியில் குலுங்கி, தக்கை வெளியே வரப் பார்த்தது. நான் கட்டைவிரலால் அதை அமுக்கிக்கொண்டே போனேன். முத்தையா நல்ல மனுஷர். ஒரு மூடி ஊற்றி, கண்ணை மூடிக் குடித்து, நெடுநேரம் திறக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு பாட்டிலைத் துடைத்து என் கையிலேயே கொடுத்தார். "கிராணியாரே, வியாதிக்குன்னு சொன்னா ரெண்டு பாட்டில் போகும். ருசிக்குன்னு சொன்னா நான் கடைய மூடிட்டு ஊருக்குக் கப்பல் ஏறணும்லா."

வீட்டுக்கு வந்து முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

துப்பியதால் வந்த வினை

கொழும்பில் ஒரு வெள்ளைக்காரர் வைன் ருசி பார்த்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஒரு வாய் எடுத்து, வாய்க்குள் சுழற்றி, பக்கத்துப் பாத்திரத்தில் துப்புவார். அதுதான் முறை, விழுங்கினால் நாலாவது கிளாஸில் நாக்குக் குழம்பிவிடும். எனக்கு நாக்கைவிட வயிற்றைப் பற்றித்தான் கவலை. அதனால் இந்த முறை மிகவும் பிடித்துப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், ஜம்புப் பழ வைன் வெளியீட்டுக்கு அத்தான் கங்காணி வீரப்பனையும் இன்னும் நாலு பேரையும் கூப்பிட்டிருந்தார். கிளாஸ் போதாமல், கழுவிய புது மங்குகளில் ஊற்றினார். மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் அதே மங்குதான். "முதலில் தம்பி பாக்கட்டும்" என்றார். நான் ஒரு வாய் எடுத்துச் சுழற்றி, வெற்றிலைப் படிக்கத்தை இழுத்து, கொழும்பு முறைப்படி துப்பினேன்.

ஐந்து மங்கும் ஒரே சத்தத்தோடு தரையில் இறங்கின. அத்தானின் முகம் வெளுத்தது. இதுதான் முறை என்று விளக்கினேன். விளக்க விளக்க அவர்கள் செருப்பைத் தேடினார்கள். வாசலில் வீரப்பன் மற்றவர்களிடம் சொன்னது நன்றாகவே கேட்டது: "கிராணியே துப்பிட்டாரு. நமக்குப் புள்ளகுட்டி இருக்குல்ல, வாங்கடா!"

துரையின் நிபந்தனை

செய்தி தோட்ட மானேஜர் பெரிய துரை காதுக்குப் போனது. நேரில் வந்துவிட்டார். ஜாடிகளை ஒவ்வொன்றாகக் கையால் தட்டிக்கொண்டே நடந்தார். வீடு தோட்டத்துடையது, ஜாடி ஸ்டோருடையது, ஆக அவர் சொல்வதுதான் சட்டம். அத்தான் பெரிய டாக்டர் முன்னால் நிற்பதைப்போல் கையைக் கட்டி நின்றார். எனக்கு ஜாடி போவது பெரிதில்லை. அந்தச் சிரிப்பு போய்விடுமோ என்றுதான் கவலை.

துரை தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். போகும்போது தொப்பியால் என்னைச் சுட்டினார்: "கிறிஸ்மஸ் மேசைக்கு ஒரு பாட்டில் அனுப்பு. நல்லா இருந்தா டிரெசர் ஜாடி வெச்சுக்கலாம். இல்லேன்னா எல்லாம் ஸ்டோருக்கு. எந்த பாட்டில்னு கிராணி ருசி பாத்து சொல்லு."

நான் சொன்ன பொய்

அத்தான் மிகவும் நம்பியிருந்தது நாலு ஜாடி அன்னாசியை. கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் முன்பு திறந்தார். மூக்கருகே கொண்டுபோகும்போதே கண்ணில் நீர் வந்தது. காடி. வினிகர் என்பார்களே, சுத்தமான, கலப்பில்லாத அதே காடி. அவருக்கு எப்படித் தெரியாமல் போனது என்கிறீர்களா? கார்பாலிக் மருந்து நெடியில் முப்பது வருஷம் வேலை செய்த மூக்கு அது. அதனால்தானே என்னை நம்பினார்.

சலவைச் சட்டையோடு எதிரில் நின்றார். "கொஞ்சம் கூர்மை இருக்கிறது, ஆனால் நல்லது" என்றேன். அன்றே ஒரு பாட்டிலில் அடைத்து, மெழுகு ஊற்றி மூடினார். அதற்குப் பிறகு ஆபீஸில் ஆள்பேர் பதியும் செக்ரோல் எழுத உட்கார்ந்தால், துரை அந்தப் பாட்டிலைத் திறக்கும் காட்சிதான் தாளில் தெரிந்தது. ஒரே ஆளின் பெயரை இரண்டு தடவை எழுதினேன். பெரிய கிராணி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்: "என்ன காணும், ருசி இன்னும் இறங்கேல்லையோ?"

ஆசிட் வராத நாள்

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு. மழை விட்டு, நல்ல பால்வெட்டு. வாளி வாளியாகப் பால் வந்தது. ஆனால் ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் ஏறி, ஆசிட் ஏற்றிய லோரி அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது. ஸ்டோர் வேலையை மேய்க்கும் மண்டோர் ரெங்கன் ஓடி வந்தான்: "ஐயா, ஒரு சொட்டு ஆசிட் இல்ல! பால் கெட்டுப் போச்சுன்னா தொர என்னையத் தொங்க விட்டுடுவாருலா!"

புளித்த காடி ஊற்றினாலும் பால் உறையும் என்பது எனக்குத் தெரியும். நாலு ஜாடி காடி எங்கே இருக்கிறது என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்கு நடந்த அந்தத் தூரம் பருத்தித்துறை வரைக்கும் நீண்டதுபோல் இருந்தது.

அத்தான் ஒரு கிழவரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. கட்டை முடித்து, நுனியைக் கிழித்து, முடிச்சுப் போட்டார். "எப்ப தெரியும்?" என்றார். "திறந்த அன்றைக்கே." எழுந்து, வீட்டிலிருந்து ஜாடிகளை ஸ்டோருக்குத் தூக்க ஆள் அனுப்பிவிட்டுத் தானும் கிளம்பினார். அங்கே அவுன்ஸ் கிளாஸில் கொஞ்சம் பாலை எடுத்து, காடியைத் துளித்துளியாக விட்டு அளவு பார்த்து, பிறகு ஒவ்வொரு தொட்டிக்கும் தானே ஊற்றினார். கடைசி ஜாடியைக் கவிழ்த்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "துரையின்ரை பாலுக்காக வாய் திறந்தீர் தம்பி. என்ரை வைனுக்காகத் திறக்கேல்லையே."

துரையின் மூக்கு

மறுநாள் காலை தொட்டிகளில் பால் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. ரெங்கன் விரலால் குத்திப் பார்த்துவிட்டுக் கும்பிட்டான். உருளையில் கொடுத்துத் தட்டையாக இழுத்தபோது, ஸ்டோர் முழுவதும் அன்னாசி வாசனை. ஐந்தாறு பேர் வேலையை விட்டுவிட்டு ரப்பரை மோந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

துரை வந்தார். ஈர ஷீட் ஒன்றைத் தூக்கி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். ரெங்கன் நடந்ததைச் சொன்னான். நான் தூணோடு தூணாக ஒட்டி நின்றேன். அத்தான் மட்டும் முன்னால் போய், மெழுகு வைத்த அந்தப் பாட்டிலை நீட்டி, "இதுவும் அதே ஜாடிதான், துரை" என்று தானாகவே சொல்லிவிட்டார். துரை அதை வாங்காமல் சிரித்தார்: "டிரெசர், பால் தப்பிச்சுது, ஜாடி எல்லாம் நீயே வெச்சுக்கோ. கிறிஸ்மஸுக்கு நான் பினாங்குல வாங்கிக்கிறேன்!"

வீட்டுக்குத் திரும்பினோம். அத்தான் வாசலில் நின்று, புதிதாகப் பொங்கிக்கொண்டிருந்த ஜாடியில் காதை வைத்தார். கேட்டார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்: "இனி உம்மடை முகத்தைப் பாக்கமாட்டன். வாயாலை சொல்லும்."

அதற்குப் பிறகு திறந்த ஏழு ஜாடிக்கும் வாயாலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். ஏழு தடவையும் எனக்குச் சோறு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.