முழங்கை வரை

எடைக்குக் காப்பிப் பழச்சாக்கு முன்னால் வந்ததும் மரியஅந்தோணி சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவுவார். அடியில் கனம் கூட்டும் இலையோ பச்சைக் காயோ அகப்பட்டால் எடுத்துக் காலடியில் போட்டு, "இது தானா நடந்து வந்துச்சாக்கும்?" என்பார். தெரியாமல் விழுந்ததுங்க என்று பழம் பறிக்கிற பழனியம்மாள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார். கொட்டச்சேட்டுக் காப்பி எஸ்டேட்டில் இருபத்தெட்டு வருஷமாகக் கணக்கெழுதும் ரைட்டர். சங்கு ஊதினாலும் வெயிலை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்ளும் மனுஷர்.

அப்பேர்ப்பட்டவர் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெர்மன் படித்தார். துரைமார் காலத்து இங்கிலீஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு; அந்த இங்கிலீஷ் வழியாக ஜெர்மன் சொல்லித்தரும் பழைய புத்தகம் ஒன்று சேலத்தில் கிடைத்தது. அதன்மேலும் சந்தேகம்தான். "ஏனுங்க, இங்கிலீஷ்ல உக்காந்தேன்னா முடிஞ்சுது. இவிய 'என்னைய உக்கார வெக்கறேன்'ங்கறாங்க. ஞாபகம் வந்தாக்கூட 'என்னைய ஞாபகப்படுத்திக்கறேன்'. கூடவே ஒரு 'என்னைய' எதுக்குங்க? எடை ஏத்தறதுக்குத்தான்!" என்று அலுத்துக்கொள்வார்.

இத்தனை பாடும் பேத்திக்காக. மகள் ஞானசுந்தரி ஜெர்மனியில் நர்ஸ். நாலு வருஷத்துக்கு முன் வந்தபோது குழந்தைக்கு மூன்று வயது. பழம் பறிப்பு முடியும்வரை தராசடியில் இவர் மடியில்தான் கிடந்தது. இப்போது அதற்கு ஜெர்மன் மட்டுமே வரும். "தாத்தாவையே கேட்டுக்கிட்டு இருக்கறா" என்று மகள் கடிதத்துக்குக் கடிதம் எழுதினாள். கிழவன் மனசு நோகக் கூடாதென்று புளுகுகிறாளோ? குழந்தை தன்னை மறந்தே போயிருந்தால்? அந்தப் பயம் அவரை அரித்தது. மகள் நடுவில் இல்லாமல் தானே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார்.

கிறிஸ்துமஸுக்கு வந்தார்கள். குழந்தை அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றது. எடை போட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து, மூன்று மாதமாக உருப்போட்ட ஜெர்மன் வாக்கியத்தைச் சொன்னார்: என்னை ஞாபகம் இருக்கிறதா? தான் திட்டித் தீர்த்த அந்த உபரிச் சொல்லைக்கூட விடவில்லை.

குழந்தை சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"அப்பா, அவளுக்கு..." என்று மகள் வாயெடுத்தாள்.

"நீ பேசாத கண்ணு. அதுவே சொல்லட்டும்." சாக்கைப் பிடித்திருந்த பழனியம்மாளுக்கே பாவமாகிவிட்டது.

குழந்தை அவரைச் சந்தேகத்தோடு ஏற இறங்கப் பார்த்தது. பிறகு சாக்கைப் பார்த்தது. ஸ்வெட்டர் கையைச் சுருட்டி, முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவி, ஓர் இலையை எடுத்துத் தாத்தாவின் காலடியில் போட்டது.