எண்ணாமல் வைத்த கையெழுத்து

ஜெசிந்தா அக்கா காலமான செய்தி செவ்வாய்க்கிழமை மதியம், பரமட்டா நிலையத்தில் ரயிலுக்காக நின்றபோது என் கைப்பேசிக்கு வந்தது. பழைய சக ஊழியர் ஒருவர் அனுப்பியிருந்தார். கீழே இன்னொரு வரி: "அந்த மருந்து விஷயத்துல மாட்டினவங்கதானே?" அந்த வரிக்காகவே இதை எழுதுகிறேன்.

மன்னாரில் பிறந்தவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். சிட்னியில் ஒரு முதியோர் இல்லத்தில் பல ஆண்டுகள் தாதியாக இருந்தார். நான் அங்கே சேர்ந்த வாரம், மார்ஃபின் போன்ற மருந்துகளைப் பூட்டிவைக்கும் பெட்டகத்தின் முன் முதன்முதலாக அவரோடு நின்றேன். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் இருவர் சேர்ந்து மருந்துக் குப்பிகளை எண்ணிப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். நான் அட்டைப்பெட்டிகளைப் பார்த்தே எண்ணிக்கை சொன்னேன். அவர் பெட்டிகளைத் திறந்து குப்பிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்தார்.

"கண்ணால பாத்திட்டுக் கையெழுத்து வையும்."

"என்னை நம்பலையா அக்கா?"

"நான் உம்மைக் கலியாணமோ கட்டப் போறன், நம்பிறதுக்கு? எண்ணும்."

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல். என் ஷிஃப்ட் முடிந்து அவருடையது தொடங்கும் நேரம். என் மகள் விழுந்து கையை முறித்துக்கொண்டாள் என்று பள்ளியிலிருந்து அழைத்தார்கள். "பத்து இருக்கு அக்கா, இப்பத்தான் எண்ணினேன்" என்றேன். நான் எண்ணியது பெட்டிகளை: ஐந்தைந்து குப்பிகள் கொள்ளும் இரண்டு பெட்டிகள். அவர் பேனாவைப் பிடித்தபடி சற்று நின்றார்.

"போயிட்டு வாரும். பிள்ளையைப் பாரும்."

என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தை வைத்துச் சாவியை வாங்கிக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து, மனம் கேளாமல் தானே திறந்து எண்ணியிருக்கிறார். ஒன்பதுதான் இருந்தது. உடனே மேலாளரிடம் போய்ச் சொன்னவரும் அவர்தான்.

விசாரணையில் அவர் உள்ளதைச் சொன்னார்: இருவரும் சேர்ந்து எண்ணவில்லை. என்னைக் கேட்டபோது, எண்ணினோம் என்றேன். வேலை போய்விடும் என்ற பயம். பதிவேட்டில் இரண்டு கையெழுத்துகளும் என் பக்கம் நின்றன. அப்படியானால் குப்பி குறைந்தது சாவி அவரிடம் இருந்த அரை மணி நேரத்தில்தான் என்றாகிவிட்டது. அவர்மீது எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் பெட்டகச் சாவி அவர் கைக்குத் திரும்பவே இல்லை. சில மாதங்களில் வேலையை விட்டார்.

பிறகு ஒருமுறை ஹரிஸ் பார்க் பகுதியில் ஓர் இனிப்புக் கடை வாசலில் எதிர்ப்பட்டார். ஏச்சுக்குத் தயாராக நின்றேன்.

"மகளின்ர கை இப்ப சுகமோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் குப்பி எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. என் ஷிஃப்டுக்கு முன்பே குறைந்திருக்கலாம். ஆதாரமில்லாமல் யாரையும் புனிதராக்கும் பழக்கம் எனக்கில்லை. தெரிந்தது இவ்வளவுதான்: அன்று நாங்கள் எண்ணவில்லை. அவர் சொன்னது உண்மை, நான் சொன்னது பொய். அடக்கத்துக்கு முதல்நாள் முதியோர் இல்ல நிர்வாகத்துக்கும் இதையே எழுதி அனுப்பினேன். அவருக்கு இனி அதனால் பயனில்லை.

தேவாலய வாசலில் வருகைப் புத்தகம் விரித்திருந்தது. எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டு உள்ளே போனார்கள். நான் முதலில் உள்ளே போனேன். பெட்டியருகே நின்று அவர் முகத்தைக் கண்ணால் பார்த்தேன். போய் வாருங்கள் அக்கா என்றேன். பிறகு வாசலுக்குத் திரும்பி வந்து கையெழுத்து வைத்தேன்.