குழாய்க்குச் சுற்றிய கயிறு

ஒடுகத்தூர்ப் புளி மண்டிக்காரரின் ஜீப்பை மலைக்கு ஓட்டிக்கொண்டிருந்த சிங்காரத்துக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அவர்மேல் யாருக்கும் வருத்தம் கிடையாது. இன்ஜினிலிருந்து புகையை இறக்கும் குழாய், இடப்பக்கச் சீட்டில் கால் வைக்கும் தகட்டுக்கு நேர் கீழே போயிற்று. மேடு ஏறத் தொடங்கியதும் அந்தத் தகடு தோசைக்கல்லாகக் காய்ந்துவிடும். செருப்புக் கால் தாக்குப்பிடிக்கலாம். அந்த எழுபதுகளில் மலையூர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் வெறுங்கால்தான். அதனால் எல்லோரும் பின்னால் மூட்டைகளின்மேல் நெருக்கியடித்து உட்கார்ந்து, தங்களுக்குள் பேசிக்கொண்டு வருவார்கள். இன்ஜின் இரைச்சலில் சிங்காரத்துக்குச் சிரிப்பு மட்டும் கேட்கும். எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாது.

மனைவி குப்பம்மாள் காய்ச்சலில் போனபின் அவருக்கு வீடென்று இருந்தது மண்டிக்குப் பின்னால் ஓர் அறை. காலையில் "சாவி எங்க?" என்று மண்டியில் கேட்பார்கள். வழியில் "நிறுத்துங்க" என்பார்கள். சில நாட்களில் அவரோடு பிறர் பேசியது அவ்வளவுதான்.

ஒரு சந்தை நாள், மலைக்குத் திரும்பும்போது பின்னால் இடமில்லாமல் கெங்கம்மாள் முன்னால் ஏறினாள். தேனும் சாமையும் கொண்டுவந்து விற்பவள்; அவரைப் போலவே துணையை இழந்தவள். கால்களைச் சீட்டின்மேல் மடக்கி வைத்துக்கொண்டாள்.

"மத்தியானம் இன்னா சாப்ட்டீங்க டிரைவரே?"

அவர் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு வளைவில், "கொஞ்சம் மெதுவா போங்க" என்று வெளியே எட்டிப் பார்த்தாள். கீழே பள்ளத்தில் நாலைந்து கூரைகள். "கோடியில தெரியுதே, அதான் எம் பொண்ணு செந்தாமரையக் குடுத்த வூடு. சம்பந்திங்களோட சண்ட. போக்குவரத்து இல்ல. இப்டிப் பாத்துக்குனு போறதுதான்."

சற்றுத் தள்ளி வண்டி குலுங்கியதில் அவள் கால் நழுவித் தகட்டில் பட்டது. குதிகால் கொப்பளித்துவிட்டது. அடுத்த சந்தைக்கு அவள் பின்னால் போய் ஏறினாள். பின்பக்கம் தார்ப்பாய் மூடியிருக்கும். அங்கிருந்து கூரை தெரியாது.

சிங்காரம் மெக்கானிக் தேவராஜிடம் போனார்.

"பைப்புக்குக் கல்நார்க் கயிறு சுத்திடு, தேவராஜு. தகடு சுடக்கூடாது."

தேவராஜ் ஒரு லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "சுத்துனா மேல சுடாது, நெசந்தான். ஆனா வெளிய போவாத சூடு பைப்புலயே நிக்கும். நீ ஓடையில வேற எறக்குற. கயிறு தண்ணியக் குடிச்சி வெச்சிக்கும். உள்ளுக்குள்ளயே துரு ஏறி பைப்பு பூடும். தார் ரோட்லயே ஓடுற காருன்னா சரி. இதுக்கு வேணாம்பா."

"பரவால்ல, சுத்து."

"இத்தினி வருசமா உனுக்குச் சுடல. இப்ப யாருக்குச் சுடுது?"

சிங்காரம் குனிந்து ஜீப்பின் குழாயைப் பார்த்தார்.

"ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிக் குடுத்துட்டுப் போயேன். வேல முடிஞ்சிது" என்று சிரித்தபடி தேவராஜ் மறுபடி லாரிக்கு அடியில் போனார்.

செருப்பு வாங்கிக் கொடுத்தால் சந்தையே பார்க்கும். அதைப் போட்டுக்கொண்டு அவள் ஊருக்குள் நடந்தால், யார் கொடுத்தது என்ற கேள்வி அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேரும். குழாய்க்குக் கயிறு சுற்றினால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? அது வண்டி வேலை.

கடைசியில் தேவராஜ் சுற்றிக் கொடுத்தார். முதல் நாள் கயிறு புகைந்து நாறியது. "வண்டி வேவுது" என்று பின்னாலிருந்தவர்கள் பாதி மேட்டில் குதித்து இறங்கினார்கள். இரண்டாம் நாள் புகை அடங்கியது. சந்தை நாளில் சிங்காரம், "முன்னால வாங்க, இப்ப சுடாது" என்றார். கெங்கம்மாள் நம்பாமல் பின்னால்தான் ஏறினாள். பாதி வழியில் இறங்கி வந்து, குழந்தைக்கு நெற்றி பார்ப்பதுபோல் தகட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு ஏறிக் காலைக் கீழே தொங்கவிட்டு உட்கார்ந்தாள்.

அந்தக் கோடை முழுக்க அவள் முன்னால்தான் வந்தாள். சாமை விலை, வேலியைத் தாண்டிய பன்றி, அவர் சட்டையில் பொத்தான் இல்லாதது என்று எதையாவது பேசுவாள். வளைவு வந்ததும் அவர் தானாகவே வேகத்தைக் குறைப்பார்.

ஐப்பசியில் ஓடை பெருகியது. தினமும் நனைந்த கயிறு காயவேயில்லை. ஒரு சந்தை நாள், வளைவுக்கு முந்தின மேட்டில் குழாய் அறுந்தது. வண்டி அலறியது. கெங்கம்மாள் அவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, சொல் கேட்கவில்லை. தகட்டின் இடுக்கு வழியாகப் புகை ஏறியது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் பின்னால் போனாள்.

தேவராஜ் கயிற்றை அவிழ்த்தபோது குழாயும் செதில் செதிலாகக் கையோடு வந்தது. "இனிமே இந்த வண்டிக்குக் கயிறு கியிறுன்னு எவனாவது சுத்துனீங்க..." என்று முதலாளி இருவரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார். புதுக் குழாயை வெறுமனே மாட்டினார்கள்.

"இப்ப சொல்லு. சுத்துனது லாபமா, நஷ்டமா?" என்றார் தேவராஜ்.

"மழைக்கு முன்ன நல்லாத்தான் இருந்துச்சி" என்றார் சிங்காரம்.

அடுத்த சந்தைக்குக் கெங்கம்மாள் வந்தாள். முன்பக்கம் வந்து நின்று தகட்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சுடும்" என்றார் அவர்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போய் ஏறிக்கொண்டாள்.

மேட்டில் இடப்பக்கத் தகடு காய்ந்து வாடை வீசத் தொடங்கியது. வளைவு வந்தது. சிங்காரம் வேகத்தைக் குறைத்தார். கீழே கோடிக் கூரையில் புகை எழுந்துகொண்டிருந்தது.

"இன்னாப்பா, யாராச்சும் ஏர்றாங்களா?" என்று பின்னாலிருந்து ஓர் ஆள் கேட்டான்.

"இல்ல."

"அப்ப எதுக்கு நிக்கிற மாதிரி போற?"

தார்ப்பாய்க்குள் இருந்த கெங்கம்மாள் எதுவும் கேட்கவில்லை. வளைவு முழுதாகக் கடக்கும்வரை அதே வேகத்தில் போய், அதன்பிறகுதான் அவர் கியரை மாற்றினார்.