விழுப்புரம் போன தென் துருவம்

திண்டிவனம் கிளை நூலகத்திலிருந்து போன எவரும் விழுப்புரத்தில் பரிசு வாங்கியதில்லை. நான் வாங்கினேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். தன்னடக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். ஏழாவது முடித்துவிட்டு லீவில் இருந்தேன். வருடா வருடம் கோடை விடுமுறையில் விழுப்புரம் நூலகத்தில் சிறுவர்களுக்கு ஒரு போட்டி வைப்பார்கள். ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு அதைப் பற்றி மேடையில் பேச வேண்டும். கதைப் புத்தகம் கூடாது, அறிவு வளர்க்கும் புத்தகமாக இருக்க வேண்டும். கூடவே காட்டுவதற்கு ஏதாவது கொண்டுவந்தால் நல்லது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் விழுப்புரத்துப் பிள்ளைகள் எங்களை வருடா வருடம் கவிழ்த்தார்கள். தெர்மோகோலில் எரிமலை, பேட்டரியில் எரியும் சூரியன் என்று வந்து நிற்பார்கள். நாங்கள் எண்ணெய் தேய்த்து வாரிய தலையோடு போய் நிற்போம்.

எனக்குக் கிடைத்தது தென் துருவத்துக்குப் போனவர்களைப் பற்றிய புத்தகம். அட்டை கிழிந்த மொழிபெயர்ப்பு. எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, தாடியெல்லாம் பனி உறைந்துபோன ஆட்களைப் பற்றிப் படித்தேன். என் வியர்வை அவர்கள் மேல் சொட்டியது. மூன்று முறை படித்த பிறகு, துருவம் பற்றி திண்டிவனத்தில் என்னைவிடத் தெரிந்த ஆள் கிடையாது என்று முடிவு செய்தேன். அந்த முடிவை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

காட்ட என்ன கொண்டுபோவது? அம்மாவின் தம்பி, என் மாமா, ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்தார். மரக்காணத்து மீனுக்குப் போகிற ஐஸ் அங்கேதான் நீள நீளக் கட்டியாக, பார் பாராக உறையும். விழுப்புரத்தான்கள் தெர்மோகோலைக் காட்டட்டும், நான் நிஜ ஐஸையே கொண்டுபோய் இறக்குகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன். பைத்தியமா என்று கேட்பார் என்று பார்த்தால், பஸ்ஸில் எந்த சீட்டுக்கு அடியில் வைப்பது என்று கேட்டார்.

விற்க முடியாமல் விரிசல் விட்ட பார் ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்தார். அதில் பாதி. நிறுத்தினால் என் இடுப்பு வரைக்கும் வந்தது. உமியைக் கொட்டி, கோணியில் சுற்றி, கயிறு போட்டு, ஒரு குழந்தையைத் தூக்குவது மாதிரி பஸ்ஸில் ஏற்றினார்.

பிரச்சினை வெயில் என்றுதான் நினைத்திருந்தேன். பிரச்சினை என் மாமா.

பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் கோணி ஒழுக ஆரம்பித்தது. முன் சீட்டுக்காரர் காலைத் தூக்கிக்கொண்டார். மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர்) மூட்டையோடு வந்த ஒரு அம்மா, மூட்டை நனைகிறது என்று கத்தினார். கண்டக்டர் வந்து, இது பஸ்ஸா மீன் வண்டியா என்று கேட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கச் சொன்னார். மாமா மடியிலிருந்த கூரான கம்பியை எடுத்து, ஒரு துண்டு உடைத்து, கண்டக்டரின் கைக்குட்டையில் வைத்துக் கொடுத்தார். கண்டக்டர் அதைப் பிடரியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அதற்குப் பிறகு இறங்குகிற பேச்சே இல்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? மல்லாட்டை அம்மாவுக்கு ஒரு துண்டு. ஜுரத்தில் கிடந்த குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஒருத்திக்குப் பெரிய துண்டாக ஒன்று. காணை கிராமத்துக்குப் போகிற மாப்பிள்ளை ஒருவர் கலர் சோடா பாட்டிலை நீட்டினார், அதற்குள்ளும் போட்டார். விக்கிரவாண்டியில் ஏறியவர்கள் ஏறும்போதே கையை நீட்டிக்கொண்டு ஏறினார்கள். யார் சொன்னது என்று தெரியவில்லை.

என் பரிசு என் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

"இன்னா மாமா நீ, எல்லாத்தையும் குடுத்துக்கினே வர்ற. எனக்கு இன்னா மிஞ்சும்?"

"தென் துருவத்தயே கைல வெச்சிக்கினு இப்பிடிக் கஞ்சத்தனம் பண்றியே பாப்பா."

பஸ் மொத்தமும் சிரித்தது. நான் கோணியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். விழுப்புரம் வரை எழுந்திருக்கவில்லை. பாவாடை நனைந்து ஒட்டிக்கொண்டதும், பின்பக்கம் மரத்துப்போனதும் ஆராய்ச்சிப் பயணத்தில் சகஜம்.

நூலகத்தில் பிரித்தபோது ஒரு பெரிய தேங்காய் அளவு இருந்தது. மாமா எங்கிருந்தோ ஒரு தாம்பாளம் வாங்கி வந்து, அதில் வைத்துத் துண்டால் மூடினார்.

எனக்கு முன்னால் இரண்டு பேர். மழைக்காடுகளைக் காப்பாற்றுவது பற்றிய புத்தகத்தோடு ஒரு பெண் வந்திருந்தாள். நாலு குரோட்டன்ஸ் தொட்டி வைத்து, நடுவில் பிளாஸ்டிக் குரங்கைத் தொங்கவிட்டிருந்தாள். அடுத்தவன் கண்ணாடி போட்ட ஒரு விழுப்புரத்துப் பையன். உலகத்துத் தட்பவெப்பம் பற்றிய புத்தகம். புகை கூடக் கூட உலகம் சூடாகும், துருவத்துப் பனி உருகும், கடல் ஏறும் என்று சார்ட்டைக் குச்சியால் தட்டித் தட்டிச் சொன்னான். எப்போது உருகும் என்று நடுவர்களில் ஒருவர் கேட்டார். நமது பேரப் பிள்ளைகள் காலத்தில் இருக்கலாம், புத்தகத்தில் சரியாகச் சொல்லவில்லை என்றான். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். பேரப் பிள்ளையா? எங்களுக்கு அரையாண்டுப் பரீட்சையே ரொம்பத் தூரம்.

பிறகு நான். மனப்பாடம் செய்திருந்த செந்தமிழ் முதல் வரியிலேயே மறந்துபோயிற்று. துண்டை உருவினேன். அவ்வளவுதான், பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குச் செந்தமிழ் தேவைப்படவில்லை. இதுமாதிரி ஐஸ்மேல் துருவத்துக்குப் போனவர்கள் மாசக்கணக்காக வண்டி இழுத்துக்கொண்டு நடந்ததையும், நாயெல்லாம் செத்ததையும், கொண்டுபோன சாப்பாடு பாதி வழியில் தீர்ந்ததையும் சொன்னேன். பஸ்ஸில் என் மாமா செய்ததையும் சொன்னேன். மாமா வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். தட்பவெப்பப் பையனையும் விடவில்லை.

"அங்க கீற ஐஸு நம்ம ஊர் பனமரத்த ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கினாலும் எட்டாத ஒசரம். அது என் மாமா பஸ்ல குடுத்த ஐஸு இல்ல, தீர்றதுக்கு."

அந்தக் கைதட்டலை நான் எங்கே வேண்டுமானாலும் அடையாளம் சொல்வேன். நடுவர் அம்மா எழுந்து வந்து ஐஸைத் தொட்டுப் பார்த்தார். உடனே எல்லாரும் தொட வேண்டும் என்று வரிசை கட்டினார்கள். நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு கோயில் பூசாரி மாதிரி நின்றேன். சிலர் தொட்டார்கள், சிலர் கன்னத்தில் வைத்துக்கொண்டார்கள், ஒரு பொடியன் நக்கினான். ஒவ்வொரு கைக்கும் அது சிறுத்தது.

தட்பவெப்பப் பையன் சார்ட்டைச் சுருட்டிவைத்துவிட்டுக் கடைசியாக வந்தான். தாம்பாளத்தில் தண்ணீரும் நாலு உமியும் இருந்தன.

"ஒண்ணுமே இல்லியே," என்றான்.

"கடசியா வந்தா இப்பிடித்தான்டா. முன்னாடியே வந்திருக்கணும்," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள், மாமாதான் அதிகம். அவன் மட்டும் சிரிக்காமல், தண்ணீரில் ஒரு விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். பாவம், இவனுக்கு ஜோக் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் மேடையிலிருந்து முதல் பரிசுக்குத் திண்டிவனத்தைக் கூப்பிட்டார்கள். தாம்பாளத்தை அவன் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.