மறதி அண்ணனின் கண்ணாடி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவருக்கு மறதி அண்ணன் என்று பெயர். எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "கண்ணாடிய வீட்ல வச்சுட்டு வந்துட்டேன், நீயே படிச்சுச் சொல்லு" என்பார். வீட்டில் கண்ணாடியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எழுத்து தெரியாது, அவ்வளவுதான். அது அவர் மனைவிக்கு மட்டுமே தெரியும்.

சாக்கடை அள்ளுகிறவர் மகன் என்று, பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். கூட்டிப் பெருக்கப் பள்ளிக்கூடம் எதற்கு என்று அப்பா அழைத்து வந்துவிட்டார். அதோடு சரி.

ஈரத்துணி மூட்டையைத் தூக்குவதில் வராத அலுப்பு, ஒரு சீட்டைக் கண்டால் வந்துவிடும். தெரிந்த மாதிரி நடிப்பதுதான் உடம்பை முறித்தது.

போன மாதம் கூட வேலை செய்கிறவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். நல்ல மனசோடு செய்ததுதான். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கி, துணி மடிக்கிற அக்கா கையால் கொடுத்தார்கள்.

"இத இங்கயே ஆணியில மாட்டி வைங்கண்ணே. இனிமே மறக்க வழியே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். காலையில் சூப்பர்வைசர் சுவரில் ஒட்டிய நோட்டீசையே முதலில் படிக்கட்டும் என்று அவரை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள் அக்கா.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இத்தனை நாள் மங்கலாக ஊர்ந்துகொண்டிருந்ததெல்லாம் பளிச்சென்று நின்றது. கண்ணும் நிஜமாகவே கெட்டுப்போயிருக்கிறது. அதுவே அன்றுதான் தெரிந்தது. தலைவலி என்று சொல்லி நழுவியிருக்கலாம். இன்னொரு பொய்யைத் தேட அவரிடம் தெம்பில்லை.

"நல்லாத் தெரியுதும்மா. எனக்குத்தான் படிக்கத் தெரியாது."

 அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா ஒரு சட்டையாவது எடுத்துக் குடுத்திருப்போம்ல."

பிறகு அவளே நோட்டீசைப் படித்தாள். எழுதப் படிக்கத் தெரியாத ஊழியர்களுக்கு இன்று முதல் மாலை நான்கு மணிக்கு மாடியில் வகுப்பாம். தெரியாதவனுக்கு எழுதி ஒட்டியிருக்கிறான் பார் அறிவாளி என்று சூப்பர்வைசரையும் ஒரு பிடி பிடித்தாள்.

நான்கு மணி என்றால் வார்டுத் துணியெல்லாம் வந்து குவிகிற நேரம். மறதி அண்ணன் போய்க் கேட்டுப் பார்த்தார். வேலை நேரத்தை மாற்ற முடியாது, மிஷினுக்கு வேறு யாராவது நின்றால் சரி என்று சூப்பர்வைசர் தலையைத் தூக்காமலே சொன்னார். விட்டது தொல்லை என்று அண்ணன் திரும்பி வந்தார்.

நான்கு மணிக்கு அக்கா சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் மிஷின் முன்னால் வந்து நின்றாள். கோபம் இன்னும் ஆறவில்லை.

"போங்க. அந்தக் கண்ணாடியாவது வீணாகாம இருக்கட்டும்."

ஆணியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து மாடிப்படி ஏறினார்.