ரோட்டைப் பார்த்த கதிரை

அந்த வருசம் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நம்பவில்லை. உம்மா சாச்சாவை நம்பவில்லை. நான் உம்மாவை நம்பவில்லை. சாச்சாவை விரட்டச் சதி செய்வது உம்மாதான் என்பது எட்டு வயதில் நானாகக் கண்டுபிடித்த உண்மை!

சாச்சி உம்மாவின் தங்கை. எங்கள் வளவுக்குள்ளேயே அவவுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். சாச்சாவும் வந்தார், பிறகு கை நீட்டத் தொடங்கினார். கடைசியில் உடுப்புப் பையோடு போக வேண்டியதாயிற்று. சாச்சி காதி நீதிமன்றத்தில் பஸஹ் கேட்டா. பெண்ணாகக் கேட்கிற விவாகரத்து அது. அவர் தலாக் சொல்லவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்று நின்றார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த கதை. அப்போது தெரிந்ததெல்லாம், அவர் வெள்ளிக்கிழமைகளில் எனக்குத் தொதல் என்கிற இனிப்புக் கொண்டு வருவார் என்பதுதான்.

ஜும்ஆத் தொழுகையில் ஸலாம் கொடுத்த கையோடு முதல் ஆளாகப் பள்ளியிலிருந்து வந்துவிடுவார். “மகள், கதிரையக் கொண்டாங்க. ரோட்டப் பாத்துப் போடுங்க, காத்து வரும்” என்பார். சாச்சியின் வாசலில் நான் போட்டதும் உட்கார்ந்துகொள்வார். சாச்சி அறைக்குள் போய்க் கதவுக்குக் கொண்டி போட்டுக்கொள்வா. நான்தான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். பள்ளி முடிந்து போகிற சனத்துக்கெல்லாம் அவர் கோப்பையைத் தூக்கித் தூக்கி ஸலாம் சொல்லுவார். ரோட்டில் ஆட்கள் போகும்போது சத்தம் போட்டால் மானம் போகும் என்று உம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பா. அவவின் சந்தேகமெல்லாம் தொதலில்தான். “ஓதிப் போட்டிரிப்பான்” என்று கோழிக்கு எறிந்துவிடுவா. கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

வழக்கின் அடுத்த தவணை ஒரு சனிக்கிழமை. என்னையும் கூட்டிப் போனார்கள். காதியாரின் வீட்டு முன்னறைதான் நீதிமன்றம். பக்கத்தில் மூன்று ஜூரிமார். வக்கீல் கிடையாது; அவரவர் கதையை அவரவரே சொல்ல வேண்டும்.

சாச்சா எழும்பினார். “நாங்க சமாதானமாகிட்டம். வெள்ளிக்கு வெள்ளி நான் இவட ஊட்டுலதான் இரிக்கன். சாட்சி இரிக்கி.”

“ஓம், நானும் கண்டன்” என்றார் எங்கள் தெருத் தையல்கடைக்காரர்.

உம்மாவின் முகம் வெளுத்துப் போனது. சமாதானம் என்று பதிந்தால் வழக்கு முடிந்தது. சாச்சா அன்றைக்கே பையோடு திரும்பி வந்துவிடுவார். அடப்பாவி, தொதலில் அல்ல, கதிரையில் அல்லவா சூது இருந்திருக்கிறது!

காதியார் சாச்சியைப் பார்த்தார். சாச்சி குரலை உயர்த்தவே இல்லை. “அவர் வந்தது உண்மதான். நான் எங்க இரிந்த எண்டு சாட்சிக்கிட்டக் கேளுங்க.”

தையல்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “அவவ நான் காணல்ல. இந்தப் புள்ளதான் தேத்தண்ணி குடுத்த.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “சாச்சி எங்க மகள் இரிந்தவ?” என்று காதியார் கேட்டார்.

சாச்சிக்கு நல்ல ஏச்சு வாங்கிக் கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நினைத்தேன். “அறைக்குள்ள கொண்டி போட்டுக்கிட்டு! எத்தின தரம் கூப்பிட்டாலும் வரமாட்டா. கதிர போட்டதும் நான்தான், தேத்தண்ணி குடுத்ததும் நான்தான். சாச்சா பாவம்!”

ஒரு ஜூரியார் சிரிப்பை அடக்க இருமினார். சாச்சா என்னைப் பார்த்த பார்வையில் பாசம் ஒன்றும் இருக்கவில்லை. சமாதானம் பதியப்படவில்லை. திரும்பி வரும்போது சாச்சி என் கையை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு நடந்தா. நான் கேட்காமலே உம்மா ஐஸ்கிரீம் வாங்கித் தந்தா. எனக்கு அதிலும் சந்தேகம்தான்.

அடுத்த வெள்ளி கதிரையை ரோட்டைப் பார்த்துப் போட்டு, தேத்தண்ணியோடு காத்திருந்தேன். சனமெல்லாம் போனது, சாச்சா வரவில்லை. பின்னால் கொண்டி திறக்கிற சத்தம் கேட்டது. சாச்சி வந்து அந்தக் கதிரையில் உட்கார்ந்து, அவருக்கு ஊற்றிய தேத்தண்ணியை எடுத்துக் குடித்தா.

“அது சாச்சாட கதிர!” என்று அழுதேன்.

சாச்சி எழும்பவில்லை. காலை நீட்டி நன்றாகச் சாய்ந்துகொண்டா. அடுத்தவரின் கதிரையில் ஒரு ஆளுக்கு இப்படி நிம்மதியாக இருக்க எப்படித்தான் மனம் வருகிறதோ என்று எனக்கு அன்று முழுக்கக் கோபம்.